ஊவாத் தோட்டங்களும் புதிய தொழில் முயற்சியாளர்களும்

2025 ஆம் ஆண்டின் நவம்பர் மாதம் மலையக மக்களுக்கு இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. மாதத்தின் முற்பகுதியில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதற்கும், அதற்கு மேலதிகமாக 200 ரூபாவை வரவுக்கான ஊக்குவிப்புத் தொகையாக அரசாங்கமே வழங்குவதற்கும் முன்மொழியப்பட்டது. மாதத்தின் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதையுண்ட காலை வேளையை மறவாதவர்களுக்கு அந்த நவம்பர் இறுதி நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நாம் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

முதலாவது செய்தியைப் பற்றித் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் பேசின. இரண்டாவதைப் பற்றி எல்லோரும் பேசினர். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி பேசப்படாமலேயே கிடக்கின்றது. ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா நாட்சம்பளத்துக்கு அப்பால், அல்லது அபாயமற்ற இடமொன்றில் கட்டிக் கொடுக்கப்படும் வீட்டுக்கு அப்பால், பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றில் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு நிற்கும் ஒரு பிள்ளை எதைக் கொண்டு வாழப்போகின்றது என்பதே அது. கொழும்பிலுள்ள கடைகளும் மத்திய கிழக்கு நாடுகளும் இதுவரை அதற்குப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. அப்பதில் போதுமானதன்று என்பதைத் தோட்டங்களில் முதியோரும் சிறுவரும் மாத்திரம் எஞ்சியிருக்கும் வீடுகள் காட்டுகின்றன.

இவ்விடத்தில் 'ஸ்டார்ட் அப்' என இன்று உலகெங்கும் பேசப்படும் புதுத் தொழில் முயற்சிகளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமென நாம் கருதுகின்றோம். அச்சொல்லைக் கேட்டவுடன் கண்ணாடி மாளிகைகளும் கணினிகளும் பெங்களூரும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. லயன் அறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் எனச் சிலர் நகைக்கவும் கூடும். ஆனால் ஊவாவின் பெருந்தோட்ட வரலாற்றின் பெரும் பெயர்களுள் ஒன்று அப்படியான ஒரு முயற்சியாளருடையதுதான். கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை நடத்திய தோமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னைத் தொழிற்சாலை அவ்வாண்டில் எழுந்தது. அவர் செய்த புதுமை தேயிலைச் செடியில் இல்லை. இடைத்தரகர்களைத் தவிர்த்து, தோட்டத்திலிருந்து நேரே தமது கடைகளுக்குத் தேயிலையைக் கொண்டுசென்று, நிறையும் விலையும் குறித்த பொதிகளில் சாதாரண மக்களுக்கு மலிவாக விற்றார். அவரது பெயரைத் தாங்கிய ஆசனத்தைப் பார்க்க இன்றும் உல்லாசப் பிரயாணிகள் மலையேறுகின்றனர். அம்மலையில் கொழுந்து பறித்தவர்களின் பெயரை எந்தப் பொதியும் தாங்கியதில்லை.

லிப்டன் செய்ததை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர் இலங்கையர் ஒருவர் மறுபக்கமிருந்து செய்து காட்டினார். 2023 இல் காலமான மெரில் ஜே. பெர்னாண்டோ, இலங்கைத் தேயிலை மொத்தமாக ஏற்றுமதி செய்யப்பட்டு வேறு நாட்டுத் தேயிலைகளுடன் கலக்கப்பட்டு அந்நியரின் பெயரில் விற்கப்படுவதைக் கண்டு, இங்கேயே பொதியிட்டு இங்குள்ளவரின் பெயரிலேயே விற்பது என்ற முடிவுக்கு வந்தார். தம் புதல்வர்களான டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து 1980 களில் 'டில்மா'வை அவுஸ்திரேலியச் சந்தைக்கு அனுப்பினார். அதேபோன்று 1969 இல் தொடங்கப்பட்ட அக்பர் பிரதர்ஸ் என்னும் முஸ்லிம் குடும்ப நிறுவனம் நாட்டின் முன்னணித் தேயிலை ஏற்றுமதியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தமையும் குறிப்பிடத்தக்கது. இவர்கள் எவரும் தேயிலையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இலாபம் எந்த இடத்தில் சேருகின்றது என்பதைக் கண்டுபிடித்தனர். அது கொழுந்து நிறுக்கும் தராசடியில் சேருவதில்லை.

ஊவாவைப் பொறுத்தமட்டில் இந்த உண்மை இன்னும் கூர்மையானது. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை மலைத்தொடரைக் கடந்து வீசும் வரண்ட கச்சான் காற்றினால் தேயிலைச் செடி தன்னுள் ஒரு தனி நறுமணத்தைச் சேர்த்துக்கொள்கின்றது. உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத இந்த 'ஊவா வாசனை'க்காகவே அப்பருவத்துத் தேயிலை கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை பெறுவதுண்டு. காற்று ஊவாவுக்குச் சொந்தம். மணம் ஊவாவுக்குச் சொந்தம். ஆனால் அம்மணத்தைப் பறித்துக் கொடுக்கும் குடும்பத்தின் கேத்தலில் கொதிப்பது பெரும்பாலும் தூள் தேயிலையே. இந்தியா 2004 இல் டார்ஜிலிங் தேயிலைக்குப் புவிசார் குறியீட்டைப் பெற்றுக்கொடுத்தது. நமது கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய அங்கீகாரம் கிடைத்தது. 'ஊவா' என்னும் பெயரின் பெறுமதியில் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கேட்பதற்கு இன்னும் எவரும் முன்வரவில்லை.

கேட்காமலேயே கொடுத்த ஓர் உதாரணம் நமது மாவட்டத்திலேயே உண்டு. பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் அண்மித்த அம்பதண்டேகமவில், வளர்ச்சித் துறையில் பணியாற்றிய சிலர் இணைந்து நடத்தும் 'அம்பா' என்னும் சிறு தோட்டம், கொழுந்தைக் கையால் உருட்டித் தேயிலையாக்கி வெளிநாடுகளில் உயர்விலைக்கு விற்கின்றது. விற்பனை வருமானத்தில் பத்துச் சதவீதத்தை ஊழியர்களுடன் பகிர்ந்துகொள்கின்றது. இலாபத்திலன்றி வருமானத்தில் பங்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இலாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் குறைத்துக் காட்டலாம். வருமானத்தை அவ்வாறு மறைப்பது எளிதன்று. ஒரு சிறு தோட்டத்தின் அனுபவத்தைப் பல்லாயிரம் ஹெக்டேயருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். எனினும் ஊவாவின் மலைச்சரிவில் அதிக பெறுமதியுள்ள பொருளைப் பெரிய இயந்திரமும் பெரிய கம்பனியும் இல்லாமல் செய்யலாம் என்பது நிரூபணமாகியுள்ளது.

வளர்முக நாடுகளில் வெற்றி பெற்ற புதிய நிறுவனங்களை உற்றுநோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை இல்லாத ஒன்றை உருவாக்கவில்லை என்பது தெரியவரும். சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தின. இந்தோனேசியாவின் கோஜெக் 2010 இல் இருபது மோட்டார் சைக்கிள் சாரதிகளுடனும் ஒரு தொலைபேசி அழைப்பு நிலையத்துடனும் ஆரம்பமானது. கையடக்கத் தொலைபேசிச் செயலி வந்தது ஐந்து ஆண்டுகளின் பின்னரே. நம் நாட்டில் ஜிப்ரி சுல்பர் 2015 இல் ஆரம்பித்த 'பிக்மீ', நமது தெருவோரத்து முச்சக்கரவண்டியையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்து, 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. கென்யாவின் எம்-பெசா 2007 இல் அறிமுகமானபோது அதற்கென வங்கிக் கிளைகள் எவையும் திறக்கப்படவில்லை. ஊர்ச் சில்லறைக் கடைக்காரரே பணம் வாங்கும், கொடுக்கும் முகவரானார்.

இந்தக் கடைக்காரரை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை, வெலிமடை ஆகிய ஊர்களின் கடைவீதிகளில் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பற்று எழுதி வந்துள்ளனர். எந்தக் குடும்பம் சம்பள நாளில் தவறாமல் கணக்கைத் தீர்க்கும், எந்தக் குடும்பம் பிள்ளையின் படிப்புக்காகத் தடுமாறுகின்றது, யார் நம்பிக்கையானவர் என்பவையெல்லாம் அந்தப் பற்றுப் புத்தகத்துக்குத் தெரியும். வங்கி முகாமையாளருக்குத் தெரியாது. கென்யாவில் பல கோடி டொலர் பெறுமதியான தொழிலொன்று இத்தகைய அறிமுகத்தின்மீதே கட்டப்பட்டது. நமது கடைவீதிகளிலோ அது அரிசிக்கும் மாவுக்குமான கடனோடு நின்றுவிடுகின்றது.

கடன் என்றவுடன் எச்சரிக்கையும் தேவை. பங்களாதேஷின் முகம்மது யூனுஸ் 1983 இல் கிராமீன் வங்கியை நிறுவி, 2006 இல் அவ்வங்கியுடன் நோபல் சமாதானப் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவரது முறையைப் பின்பற்றுவதாகக் கூறிக்கொண்டு கிளம்பிய நுண்கடன் நிறுவனங்கள் 2010 இல் ஆந்திராவில் விளைவித்த துயரம் பலருக்கு நினைவிருக்கலாம். நம் நாட்டிலும் நிலைமை முற்றியதால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. தொழில் எதுவும் இல்லாத வீட்டுக்குள் வாராந்தத் தவணைக் கடனை நுழைப்பது முயற்சியாண்மை ஆகாது. அது நாளைய நாட்சம்பளத்தை இன்றே அடகு வைப்பதாகும்.

முதல் என்பது வட்டிக்குக் கொடுக்கும் கடனாகத்தான் இருக்கவேண்டுமா என்ற கேள்வியை நமது முஸ்லிம் வாசகர்கள் நம்மைக் காட்டிலும் நன்கு அறிவர். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இட்டு, இலாபத்தை முன்னரே இணங்கிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வதும், இயல்பாக நேரும் நட்டத்தை முதலிட்டவர் ஏற்பதும் முழாரபா எனப்படும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா நாயகி (ரழி) அவர்களின் முதலைக் கொண்டு வாணிபம் செய்த வரலாறும் அதுவே. அமெரிக்காவின் புதுத் தொழில்களை வளர்த்த முதலீட்டாளர்கள் கையாளும் முறையும் அடிப்படையில் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பத்து முயற்சிகளில் முதலிட்டு, ஏழு தோற்கும் என எதிர்பார்த்து, எஞ்சியவற்றில் பங்கு பெறுகின்றனர். தோற்ற இளைஞனின் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. 2011 முதல் இஸ்லாமிய அடிப்படையிலான வங்கியொன்று இந்நாட்டில் இயங்கி வருகின்றது. பதுளைக் கடைவீதியின் முதலும் தோட்டத்து இளைஞரின் உழைப்பும் இவ்வகையில் கூட்டுச் சேர்ந்தால், அது இரு சமூகங்களுக்கும் இதுவரை இருந்துவந்த கடைக்காரர்-வாடிக்கையாளர் உறவைக் காட்டிலும் வேறான ஒன்றாக இருக்கும். இதனை உபதேசமாக நாம் கூறவில்லை. வியாபாரக் கணக்காகவே கூறுகின்றோம்.

ஆயினும் முதல் கிடைத்துவிட்டால், பங்கும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என எண்ணுவோர் மூணாறை நோக்க வேண்டும். கேரள மலைகளில் நம்மைப் போன்றே தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கும் அவ்விடத்தில், 2005 ஏப்ரலில் டாட்டா டீ நிறுவனம் தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. அதன் பங்குகளில் அறுபது சதவீதத்துக்கும் அதிகமானவை ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன. டாட்டா நிறுவனமும் ஒரு பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. தொழிலாளரே முதலாளி என்று அக்காலத்தில் பத்திரிகைகள் போற்றின. நட்டத்தில் இருந்த தோட்டங்கள் மீண்டும் இலாபத்துக்கு வந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் பத்து ஆண்டுகளின் பின்னர், 2015 செப்டெம்பரில், அதே கம்பனியின் பங்குதாரர்களான பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் அமர்ந்தனர். இருபது சதவீத போனஸ் பத்தாகக் குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். 'பெம்பிளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்கள் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவும் அண்ட விடவில்லை. ஒன்பது நாட்களின் பின்னர் அரசாங்கத்தின் தலையீட்டுடன் இருபது சதவீதம் வேறு பெயரிலேனும் மீண்டும் கிடைத்தது. பங்குப் பத்திரம் வைத்திருப்பவர் எதற்காக வீதியில் அமரவேண்டும்? கணக்கைப் பார்க்கும் அறையில், விலையைத் தீர்மானிக்கும் அறையில், முகாமையாளரைத் தெரிவுசெய்யும் அறையில் அவருக்கு நடைமுறையில் நாற்காலி இருக்கவில்லை என்பதே காரணம் என நாம் கருதுகின்றோம். உடைமை கைமாறிய போதிலும் பெரட்டுக்களம் அப்படியே இருந்தது.

இதனை இங்கு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நமது பெருந்தோட்டக் கம்பனிகளும் சில ஆண்டுகளாக வருமானப் பகிர்வு முறை பற்றிப் பேசி வருகின்றன. ஒரு குடும்பத்துக்குக் குறித்த அளவு தேயிலைச் செடிகளை ஒப்படைத்து, அக்குடும்பம் அவற்றைப் பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்கே விற்பது என்பது அதன் சாரம். சில தோட்டங்களில் நடைமுறையிலும் உள்ளது. நாட்டின் தேயிலை உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறு தோட்ட உடைமையாளர்களிடமிருந்தே வருகின்ற நிலையில், தொழிலாளிக்கு அது இயலாது என எவரும் கூறமுடியாது. ஆனால் சிறு தோட்ட உடைமையாளருக்குக் காணி சொந்தம். கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது என்பதும் பெரும்பாலும் அவர் விருப்பம். செடியும் நிலமும் தனதன்றி, வாங்குபவரும் ஒருவராகவே இருக்கும்போது, தொழில் முயற்சியாளர் என்னும் பட்டம் சம்பளச் சபையின் பாதுகாப்பையும் ஊழியர் சேமலாப நிதியையும் கழற்றிவிடுவதற்கான வழியாகவும் மாறக்கூடும். தொழிற்சங்கங்களின் இந்த அச்சம் நியாயமானதே. அச்சத்தோடு நின்றுவிட்டு மாற்றுத் திட்டம் எதனையும் முன்வைக்காதிருப்பதே அவற்றின் குறை.

கென்யாவில் இதற்கு வேறொரு வழி காணப்பட்டது. 1964 இல் அரச அதிகாரசபையாக உருவாகி 2000 ஆம் ஆண்டில் தனியார்மயமான கென்யத் தேயிலை அபிவிருத்தி முகவரகத்தின் கீழ், ஆறு இலட்சத்தை அண்மித்த சிறு விவசாயிகள், அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் பங்குதாரர்களாக உள்ளனர். கொழுந்துக்கு மாதந்தோறும் ஒரு தொகையும், ஆண்டு முடிவில் விற்பனைக்கேற்ப இரண்டாவது கொடுப்பனவும் கிடைக்கின்றன. அங்கும் சர்ச்சைகளுக்குக் குறைவில்லை. ஆண்டிறுதிக் கொடுப்பனவு குறைந்த பகுதிகளில் விவசாயிகள் தொழிற்சாலை வாசலில் திரண்டதுண்டு. எனினும் அவர்கள் தமது தொழிற்சாலையின் பணிப்பாளர்களை வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். மூணாறுக்கும் கென்யாவுக்கும் உள்ள வேறுபாடு அந்த வாக்கில் உள்ளது.

தேயிலைக்கு வெளியிலும் வாய்ப்புகள் இல்லாமலில்லை. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் எல்லவும் உலக உல்லாசப் பயணிகளின் வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டன. அவர்கள் நடக்கும் பாதைகள் பல தோட்டங்களின் ஊடாகவே செல்கின்றன. ஹோட்டல்களில் பரிமாறுவதும் முச்சக்கரவண்டி ஓட்டுவதும் தோட்டத்து இளைஞருக்கு எட்டிய வேலைகள். ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது எட்டவில்லை. லயன் அறை அவருடையதன்று. உறுதிப்பத்திரம் இல்லாதவருக்கு வங்கியும் கதவைத் திறப்பதில்லை. வெலிமடை, கெப்பட்டிப்பொலப் பகுதிகளில் தமக்கென அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி உருளைக்கிழங்கின் விலை வீழ்ச்சியில் படும் துன்பம் பெரிதெனினும், அடுத்த போகத்துக்குக் கடன் கேட்க அவருக்கு ஒரு காகிதமாவது உண்டு.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கும் நிகழ்வு ஜனாதிபதியின் தலைமையில் நடைபெற்றது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் முழுத் தீர்வுக்காகக் காத்திருந்த சமூகமொன்றுக்கு அது சிறிய விடயமன்று. ஆனால் அத்தகைய ஆவணமொன்றை வங்கியொன்று பிணையாக ஏற்று, ஒரு சிறு தேயிலை உருட்டும் கூடத்துக்கோ காளான் செய்கைக்கோ கடன் வழங்கும் வரை அது வீட்டுக்கான காகிதமாகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் தகவல் தொழில்நுட்ப முயற்சிகள் முளைவிட்டமைக்குப் புலம்பெயர்ந்தோரின் பணமும் தொடர்புகளும் துணைநின்றன. மலையகத்திலிருந்து சாஸ்திரி-சிறிமா ஒப்பந்தத்தின் கீழ் கடல் கடந்தவர்களோ நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மீண்டும் கூலிகளாகவே ஆனார்கள். அவர்களிடமிருந்து முதல் வரும் என எதிர்பார்க்க முடியாது. எனவே ஊவா இங்குள்ளதைக் கொண்டே தொடங்க வேண்டியுள்ளது. இங்குள்ளதும் அவ்வளவு குறைவன்று. 2005 இல் நிறுவப்பட்டுப் பதுளை நகருக்கு அருகில் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், மூலவளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் நோக்கமாகக் கொண்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் முயற்சியாண்மைக்கும் அங்கே பட்டப்படிப்புகள் உண்டு. தமிழகத்தில் ஸ்ரீதர் வேம்பு தமது ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகமொன்றை 2011 இல் தென்காசி அருகேயுள்ள மத்தளம்பாறைக் கிராமத்தில் அமைத்தபோது, பட்டம் பெறாத ஊர்ப் பிள்ளைகளையும் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தினார். பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்துக்கும் அதனைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்கும் இடையிலான தூரம் பஸ்ஸில் சில ரூபாக்கள்தான். அந்தத் தூரம் இன்னும் கடக்கப்படவில்லை.

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது வழங்கப்பட்ட குத்தகை 2045 இல் முடிவடைகின்றது. அதற்கு முன்னரே நீடிக்கக் கோரும் குரல்கள் எழுவது திண்ணம். டித்வாவுக்குப் பின்னர் அபாயமற்ற இடங்களில் தோட்டக் குடும்பங்களைக் குடியமர்த்துவதற்கான காணிகளும் அதே குத்தகை நிலங்களிலிருந்தே பெறப்பட வேண்டியுள்ளன. அவ்விடங்களுக்கான வரைபடங்கள் மாவட்டச் செயலகத்தின் மேசைக்கு வரும்போது, வீட்டுக்கான பேர்ச்சஸ் கணக்கோடு, பொதுவான ஒரு தேயிலைக் கூடத்துக்கும், நான்கு கடைகளுக்கும், குடும்பத்துக்கு ஒரு துண்டுப் பயிர்நிலத்துக்கும் அவற்றில் இடம் குறிக்கப்பட்டுள்ளதா என்று நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் கேட்பார்களா? நிலம் அளக்கப்பட்ட பின்னர் அக்கேள்வியைக் கேட்பதில் பயனில்லை. அளவையாளர்கள் சங்கிலியுடன் செல்லும் முன்னரே கேட்கப்பட வேண்டும்.